ஒரிஜினல் சர்டிபிகேட் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது ஒரே சமயத்தில் இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று, மதுரையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி. ஐ.சி.யூ., மூன்று ஷிஃப்ட், மாதம் 24,000. ஹாஸ்டல் உண்டு. இரண்டு வருட பாண்ட், நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அது எல்லா இடத்திலும் வழக்கம்தானே. இன்னொன்று, எங்கள் வட்டாரத்திலேயே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. பகல் டூட்டி மட்டும், 18,000. சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் 11 மாத ஒப்பந்தம். ஐ.சி.யூ. அனுபவம் இருந்தால் துபாய், சவுதி போகலாம் என்கிறார்கள். அப்பா கவர்ன்மென்ட் பக்கமே போ என்கிறார். நைட் டூட்டி என்றால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள் என்பது அம்மாவின் கவலை. "புண்ணுக்குக் கட்டுப்போடவா பி.எஸ்ஸி. படிச்ச?" என்று தோழி சிரிக்கிறாள். எதில் சேரட்டும்?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், "அது எல்லா இடத்திலும் வழக்கம்தானே" என்று. அதைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. யாரம்மா சொன்னது உனக்கு, வழக்கம் என்று?

போன வாரம் செக்கானூரணியில் ஒரு காதுகுத்து. என் சித்தி மகள் வந்திருந்தாள், அவளும் நர்ஸ்தான். மொய் எழுதிவிட்டு உட்கார்ந்தால் இதே பேச்சு. அந்தச் சூடு ஆறுவதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நைட் டூட்டிக்காகப் பின்வாங்குகிற மாப்பிள்ளை தாராளமாகப் பின்வாங்கட்டும். அவன் வீட்டில் யாருக்காவது நடுராத்திரி நெஞ்சுவலி வந்தால் யார் பார்ப்பார்களாம்? 6,000 ரூபாய் வித்தியாசம் மெஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும். உன் தோழியை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய், எலும்பு தெரிகிற படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்யச் சொல். பக்கவாதத்தில் விழுந்த பெரியவரைச் சும்மா டியூப் மாற்றுவதற்காக ஆட்டோ பிடித்துக் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி வரை தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்களைக் கேள், 2021-இல் இந்தத் திட்டம் வந்த பிறகு என்ன மாறியது என்று சொல்வார்கள். சிரிக்கிற வேலை இல்லை அது.

சரி, சர்டிபிகேட்டுக்கு வருகிறேன்.

என் சித்தி மகள் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமா முடித்தவள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்கே பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரைக்கும் ஃபைலோடு வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்கள். அவளும் உன்னைப் போலத்தான், வழக்கம் என்று நினைத்துக் கொடுத்தாள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களுக்குப் பரீட்சை வைத்து 7,000 பேருக்கு மேல் எடுத்தது. இவளும் தேறினாள். சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சென்னை வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரிஜினல் இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது? ஆஸ்பத்திரியில் கேட்டால் ஹெச்.ஆரைப் பார் என்றார்கள். ஹெச்.ஆர். மேனேஜரைக் காட்டினார். எம்.டி. வெளியூர் போயிருக்கிறார் என்றார் மேனேஜர். சித்தப்பா முதல் பஸ்ஸில் ஆரப்பாளையம் வந்து இறங்கி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வராந்தாவிலேயே நிற்பார். நான் கூடப் போயிருந்த அன்று ரிசப்ஷன் பெண் அவரைப் பார்த்து, "பேஷன்ட் அட்டெண்டரா சார்?" என்றாள். "சர்டிபிகேட்டுக்கு அட்டெண்டர்மா" என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது போல, தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய ஃபைலும் உள்ளேதானே இருந்திருக்கும்.

கடைசியில் பாண்ட் பணத்தைக் கட்டினால்தான் ஆச்சு என்றார்கள். சித்தியின் தோடும் சங்கிலியும் போயின. சரிபார்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் கவர் கைக்கு வந்தது, அப்படியே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினாள். விழுப்புரம் தாண்டிப் பிரித்துப் பார்த்தால், ஃபைலில் கோப்பதற்காக எல்லா மார்க் ஷீட்டிலும் பஞ்ச் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவதில் உயிரியல் மார்க் இருந்த இடத்திலேயே ஓட்டை. காதுகுத்து வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் அப்பா நிலப் பத்திரத்தை உசிலம்பட்டிக் கடைக்காரரிடம் அடகு வைத்திருக்கிறார். அந்த மனுஷன் பத்திரத்தை வாங்கிக்கொண்டு பணமாவது கொடுத்தார். நீ பத்திரத்தையும் கொடுத்து, ராத்திரி பகலாக உழைக்கவும் போகிறாய். எந்த ஊர்க் கணக்கு இது?

பாண்ட் வேறு, சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் உன் மாதிரிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். இத்தனை வருடம் வேலை பார்ப்பேன், நடுவில் போனால் இவ்வளவு கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பது நியாயமான அளவில் இருந்தால் செல்லும். 2025-இல் ஒரு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது. ஆனால் கல்விச் சான்றிதழ் விலைபோகிற சரக்கு அல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீ பாண்டை மீறினால் அவர்கள் கோர்ட்டுக்குப் போய் நஷ்டத்தைக் கேட்கட்டும். கோர்ட்டுக்குப் போனால் நியாயம் பேச வேண்டியிருக்கும், பீரோவைப் பூட்டினால் பேச வேண்டியதில்லை. அதனால்தான் பீரோ. 2012-இல் சென்னையில் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளத்தோடு சேர்த்து இந்த பாண்ட் முறையையும் ஒழிக்கச் சொல்லித்தான் தெருவில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகும் நீ வந்து வழக்கம்தானே என்கிறாய்!

இதில் துபாய் வேறு. வளைகுடா போவதென்றால் ப்ரோமெட்ரிக் என்கிற தகுதிப் பரீட்சை, சான்றிதழ் உண்மைதானா என்று பார்க்கிற டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, சான்றிதழில் அரசு முத்திரை வாங்குகிற அட்டெஸ்டேஷன் என்று வரிசையாக இருக்கிறது. அட்டெஸ்டேஷன் முத்திரையை ஒரிஜினலில்தான் குத்துவார்கள். போவதற்கு அனுபவம் தருகிறேன் என்கிற இடமே போகிற கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்கிறது. இதை நீ யோசித்தாயா? கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கேட்டாலும் கொடுக்காதே. நாளைக்கு அதில் தொகையை நிரப்பி, செக் பவுன்ஸ் என்று உன்மேல் வழக்குப் போடலாம்.

கவர்ன்மென்ட் என்றதும் அப்பா பூரித்துப் போக வேண்டாம். 2015-இல் எடுத்தவர்களுக்குத் தொகுப்பூதியம் 7,700. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று வாக்கு. அது நடக்காமல் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தையோடு போய் உட்கார்ந்தவர்களில் என் சித்தி மகளும் ஒருத்தி. பிறகு சம்பளம் 14,000 ஆனது, அப்புறம் 18,000. கொரோனா காலத்தில் கைதட்டி அழைத்துக்கொண்ட ஒப்பந்த நர்ஸ்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போகச் சொன்னதும் அரசாங்கம்தான். உன் 11 மாதம் என்பது 11 மாதம்தான். அதற்குமேல் எதையும் அதில் ஏற்றிப் பார்க்காதே. ஒரு நல்லது, நாளைக்கே வேறு இடம் கிடைத்தால் ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

எதில் சேர்வது என்றுதானே கேட்டாய்? அந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போ. "ஒரிஜினலைக் காட்டுகிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள், செராக்ஸில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல். சரி என்றால் ஐ.சி.யூ.வுக்கே போ. இந்த வயதில் கற்றுக்கொள்கிற வேலை கையில் நிற்கும். ராத்திரியில் எத்தனை வென்டிலேட்டருக்கு எத்தனை ஸ்டாஃப் என்றும் கேள். ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. ஒருத்திக்கு நாலு பேர் என்றால் அங்கே நீ கற்றுக்கொள்ளப் போவது ஓட்டம் மட்டும்தான். ஒரிஜினல் இல்லாமல் முடியாது என்றால் பேச்சை வளர்க்காமல் எழுந்து வந்துவிடு, வட்டார வேலை இருக்கிறது.

கொடுத்தே ஆக வேண்டும் என்று அப்பா சொன்னால் என் பதிலை அவரிடம் படித்துக் காட்டு. அப்புறம், ஹாஸ்டல் உண்டு என்று எழுதியிருக்கிறாயே தவிர, இலவசமா, சம்பளத்தில் பிடிப்பார்களா என்று எழுதவில்லை. அதையும் கேட்டுக்கொண்டு வா.