பின் பிரேக்கை நடுவில் வைக்கலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். ஃபார்முலா ஸ்டூடண்ட் (கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டும் பந்தயக் கார்களுக்கான) போட்டிக்கு ஓட்டுநரோடு சேர்த்து 300 கிலோவில் செயின் டிரைவ் கார் கட்டுகிறோம். பின்சக்கரங்களில் தனித்தனி பிரேக்குக்குப் பதிலாக டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு பின்சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) பக்கத்தில் ஒரே டிஸ்க் போடலாமா? டிஸ்க்கில் துளை போடுவது நல்லதா?

பதில்: தம்பி, நீங்கள் போடப்போவது எந்த டிஃபரன்ஷியல்? எல்லாமே அதில்தான் இருக்கிறது.

ஓப்பன் டிஃபரன்ஷியல் என்றால் வேண்டவே வேண்டாம். அது இரண்டு பக்கமும் முறுக்குவிசையைச் சமமாகத்தான் பிரிக்கும், பிரேக் பிடிக்கும்போதும் அப்படித்தான். அறுவடை சமயத்தில் திருவையாறு ரோட்டோரம் வைக்கோல் பரந்து கிடக்குமே, இடது சக்கரம் அந்த ஈர வைக்கோலில், வலது சக்கரம் தாரில் என்று வையுங்கள். மிதித்ததும் இடது சக்கரம் நின்றுவிடும். இன்னும் அழுத்தினால் பின்னோக்கிக்கூடச் சுற்றும். வைக்கோல் தாங்குகிற அளவு பிரேக்தான் தாரில் ஓடும் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒரு சக்கரம் மட்டும் தனியே வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் அடங்கிவிடும். நாலு சக்கரத்துக்கும் பிரேக் கேட்கிற போட்டி விதிகள், லிமிடெட் ஸ்லிப்பில் மட்டும் ஒற்றை டிஸ்க்கை ஏற்பது இதனால்தான்.

லாபம் உண்மையானது. டிஸ்க்கும் அதைக் கவ்வும் காலிப்பரும் பாடியோடு போய்விட்டால் சக்கரத்தோடு குதிக்கும் எடை குறையும், மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாது. ஆனால் பிரேக் விசை முழுக்க, டிஃபரன்ஷியலையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டான ஹாஃப்ஷாஃப்ட் வழியாகப் போகும். ஒருபுறம் இன்ஜின் முறுக்கு, மறுபுறம் பிரேக் முறுக்கு என்று மாறி மாறி வாங்கியே ஷாஃப்ட் களைத்துப்போகும். அது உடைந்தால் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை. முன்பக்கம் இந்த அமைப்பை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்: 1970-இல் இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தில் ஃபார்முலா 1 ஓட்டுநர் யோஹன் ரிண்ட்டின் உயிரைப் பறித்த விபத்தில், அவர் ஓட்டிய லோட்டஸ் 72 காரின் முன் பிரேக் ஷாஃப்ட்தான் உடைந்தது.

அடுத்தது சூடு. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்பிலும் பின் டிஸ்க்குகள் டிஃபரன்ஷியலை ஒட்டியே இருந்தன. சூட்டில் ஆயில் சீல் கெட்டு, டிஸ்க்கில் எண்ணெய் கசிவது அந்த வண்டிக்காரர்களுக்குப் பழகிய தொல்லை. உங்கள் காரை 72 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் 60 கிலோஜூல் வெப்பம். பின்பக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்றாலும் ஒரு கிலோ இரும்பு டிஸ்க் ஒவ்வொரு முறையும் 40 டிகிரிக்கு மேல் ஏறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் குடித்தபின் அந்த எல்லை 155. நம் ஐப்பசிக் காற்றில் மூடி திறந்த டப்பாவை வைத்திருக்காதீர்கள், போட்டிக்கு முன் புது ஆயில் மாற்றுங்கள்.

என்னிடம் வந்த ஒரு மாணவர் காரில் பிரேக் பிடிக்கவே இல்லை. டிஸ்க்கில் விரல் வைத்தேன், வழுக்கியது. செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே! ஸ்பிராக்கெட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு தகரம்கூட இல்லை. டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேடைத் தூக்கிப்போட்டுப் புதிது போட்டோம்.

துளை வேண்டாம். இந்த எடைக்கு அதனால் பெரிய ஆதாயமில்லை, விரிசல் துளை விளிம்பில்தான் தொடங்கும். பேடின் மேற்பரப்பைச் சுத்தமாக்க வேண்டுமானால் ஆழமில்லாத கோடு போதும்.

லிமிடெட் ஸ்லிப் கிடைத்தால் தைரியமாக ஒற்றை டிஸ்க் போடுங்கள். தகரத் தடுப்பு வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹாஃப்ஷாஃப்டைக் கழற்றி, ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நுனியில் வெட்டிய பல்வரிசை) தொடங்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.