ஸ்மித் மேல் ஏன் இந்தப் பழி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவதாராளவாதம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஒரு சந்தேகம். அரசு ஒதுங்கிக்கொண்டால் சந்தை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது ஆடம் ஸ்மித் காலத்துப் பேச்சுதானே? 'கண்ணுக்குத் தெரியாத கை' என்று பி.காம். முதல் வருஷத்திலேயே படித்தோம். பழைய சரக்குக்குப் புதுப்பெயர் எதற்கு? நான் வங்கியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வுபெற்றவன். தவறாக நினைக்க வேண்டாம்.

க., கோவை

அன்புள்ள க.,

தவறாக நினைக்க என்ன இருக்கிறது? ஸ்மித்தைக் கையில் எடுக்கும்வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

1776-ல் வந்த அவர் புத்தகம் 'நாடுகளின் செல்வம்' தலையணை கனம். அந்தக் கை அதில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. போட்ட முதல் பத்திரமாக இருக்கட்டும் என்று வியாபாரி பணத்தை உள்நாட்டிலேயே போடுகிறான், அவன் நினைக்காமலே அதில் நாட்டுக்கும் நன்மை விளைகிறது என்று சொல்லும் இடம். கூலி பற்றிய அத்தியாயத்துக்குப் போனால் ஆள் வேறு மாதிரி பேசுகிறார். கூலியை ஏற்றக்கூடாது என்று முதலாளிகள் எப்போதும் தங்களுக்குள் பேசிவைத்திருக்கிறார்கள், அது வழக்கமாகிவிட்டதால் யார் காதிலும் விழுவதில்லை. தொழிலாளிகள் கூடினால் மட்டும் சட்டம் பாய்கிறது என்கிறார். உங்கள் தொழிலுக்கே வருகிறேன். வட்டிக்குச் சட்டம் உச்சவரம்பு வைக்க வேண்டும் என்றவரும் அவர்தான். அன்று இங்கிலாந்தில் 5 சதவீதம். எட்டு, பத்து என்று விட்டால் பணமெல்லாம் ஊதாரிகளிடமும் ஆகாசக்கோட்டை கட்டுபவர்களிடமும் போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு. 1778 முதல் சாகும்வரை எடின்பரோவில் சுங்க ஆணையராகவும் இருந்தார்!

நவதாராளவாதம் என்ற பெயரும் நான் வைத்ததல்ல. 1938-ல் பாரிஸில் கூடிய, சந்தைச் சுதந்திரம் பேசிய தாராளவாதிகளே பேசி எடுத்துக்கொண்டது. அங்கே இருந்த பொருளாதார அறிஞர் ஹயெக் 1947-ல் சுவிட்சர்லாந்தில் அத்தகையவர்கள் கூடும் மோன் பெலரின் கழகத்தைத் தொடங்கினார். 'அரசே, ஒதுங்கு' என்று மொட்டையாகப் பிடிவாதம் பிடித்ததுதான் தாராளவாதத்துக்குப் பெரிய கேடு என்று 1944-லேயே எழுதியவர் அவர். போட்டி நடக்க வேண்டுமானால் அதற்கேற்ற சட்டத்தை அரசு போட்டுத்தர வேண்டும் என்பது அவர் கட்சி. அதே 1944-ல், ஹயெக்கைப் போலவே வியன்னாவில் பிறந்த பொருளாதார வரலாற்றாளர் கார்ல் போலன்யி எதிர்ப்பக்கத்திலிருந்து, தடையற்ற சந்தை தானாக முளைத்ததல்ல, அரசு திட்டமிட்டு நட்டது என்று எழுதினார். சந்தைக்கு அரசு வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. அந்த அரசு யாரை நெருக்கும் என்பதில்தான் சண்டை.

சிலியைப் பாருங்கள். 1973 செப்டம்பர் 11-ல் ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பிடித்தார். தடையற்ற சந்தையைப் போதித்த சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய பொருளாதாரக்காரர்கள் கையில் கஜானா போனது. தொழிற்சங்கங்களை ராணுவம் ஒடுக்கியது. 1981-ல் ஓய்வூதியத்தைத் தனியார் நிதிநிறுவனங்களிடம் கொடுத்தார்கள். தொழிலாளி சம்பளத்தில் 10 சதவீதம் கட்டாயப் பிடித்தம். முதலாளியின் பங்கு ரத்து. மறுவருஷமே பொருளாதாரம் குப்புற விழுந்தது. 1983 ஜனவரியில் பெரிய தனியார் வங்கிகளை அரசே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. 'சோஷலிசத்துக்குச் சிகாகோ வழி' என்று ஊரே கேலி பேசியது. அரசு எங்கே ஒதுங்கியது?

அந்த ஓய்வூதியச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் பழைய திட்டமே தொடர்ந்தது. சந்தையைத் துப்பாக்கிமுனையில் கொண்டுவந்தவர்கள் தங்கள் முதுமையை அதனிடம் ஒப்படைக்கவில்லை.

நம் ஊரில் துப்பாக்கி இல்லை, வாக்குச்சீட்டுதான். ஆனாலும் 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குச் சந்தையை நம்பிய புதிய ஓய்வூதியத் திட்டம் வந்தபோது, முப்படையினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. வங்கிகளில் 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கும் புதிய திட்டம்தான். நீங்கள் அதற்கு முன்பே சேர்ந்தவர். உங்கள் கிளையில் உங்களுக்குப் பின்னால் வந்த பையனிடம் ஒருமுறை பேசிப்பாருங்கள்.