கறவைத் தொழுவுக்கு எந்தக் கேட்?

கேள்வி: ஆறு ஜெர்சி கலப்பின மாடுகள். மெஷினில் கறக்கும்போது பின்னால் நகர்ந்து உதைக்கின்றன. மாட்டின் கழுத்தை இரு கம்பிகளுக்கு நடுவே பிடித்து நிறுத்தும் கழுத்துப் பூட்டுக் கேட் வைக்கலாமா? ஒரு இஞ்சு பைப் போதும் என்கிறார் பட்டறைக்காரர்.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வைக்கலாம். ஆனால் ஒரு இஞ்சு போதாது. 400 கிலோ மாடு வெடுக்கென்று பின்னிழுத்தால் வளைந்துவிடும். சட்டத்துக்கு ஒன்றரை இஞ்சு, தூணுக்கு 2 இஞ்சு, கனமான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாகக் கேளுங்கள். ஒரு மாட்டுக்கு மூன்றரை அடி அகலம். பூட்டியபின் கழுத்துக்கு, கம்பிகளுக்கு நடுவே 7 முதல் 8 இஞ்சு இடைவெளி. கொம்பு மாடென்றால் கேட்டின் மேல்பக்கம் அகன்று திறக்கவேண்டும்.

கொண்டியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மாடு வழுக்கி விழுந்தால் அதன் பாரத்திலேயே சில கொண்டிகள் இறுகிக்கொள்ளும். பாரம் இருக்கும்போதும் ஒரே கையால் திறக்கவேண்டும். பட்டறையிலேயே ஓர் ஆளைக் கம்பியில் சாயச் சொல்லித் திறந்து பாருங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். கழுத்துக் கம்பிகள் செங்குத்தாகவே இருக்கட்டும். மாடு படுத்தால் கழுத்தும் கூடவே இறங்கும். நடுவே குறுக்குக் கம்பி வந்தால் தொண்டை நெரியும்.

கடகடவென்ற சத்தம் கூடாது. மிரண்ட மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கொண்டி இடிக்குமிடத்தில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றுங்கள். மூத்திரம் தேங்குவதால் தூணின் அடிதான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே அரையடி உயரத்துக்குச் சரிவாகச் சிமெண்ட் கட்டுங்கள்.

உதைக்குக் கேட் மருந்தல்ல. காம்பில் வெடிப்பு, மடிநோய், மெஷினின் உறிஞ்சு விசை மூன்றையும் முதலில் பாருங்கள்.