சிங்கப்பூர்–நியூயார்க்: தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் ஏன் கிடைப்பதில்லை?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையம் எவ்வளவு தூரம் என்றும், அதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம்தான் வரும்போது பயணச்சீட்டில் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டி ஏன் போட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தூரம் ஏறக்குறைய 15,350 கி.மீ. இந்த இரண்டு ஊர்களைப் பொறுத்தவரை அதை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒன்று கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் மற்றது மேற்கு 74 பாகையிலும் இருப்பதால் இரண்டும் உலக உருண்டையின் கிட்டத்தட்ட நேரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. ஆகவே மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டியே செல்லும். இரண்டின் வட அட்சரேகைகளையும் (1.4, 40.6) கூட்டி 180-இலிருந்து கழித்தால் 138 பாகை, ஒரு பாகைக்கு 111 கி.மீ. வீதம் 15,318 கி.மீ. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தைப் பார்த்து இதை ஒருவரும் நம்பமாட்டார்கள். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் நம்புவார்கள்.

ஆனால் அந்த நூல் போகும் வழியில்தான் விமானம் போகும் என்பதில்லை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம் மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் வேகம் கொள்வதுண்டு. அதைப் பின்காற்றாகப் பெறுவதற்காக, நியூயார்க் செல்லும் விமானம் பல நாட்களில் பசிபிக் பெருங்கடல் வழியாகக் கூடுதல் தூரம் பறக்கிறது. தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. காற்றின் வலிமைக்கு என் நினைவில் நிற்கும் சான்று 2020 பிப்ரவரியில் நடந்தது: வழக்கமாக ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கும் நியூயார்க்–லண்டன் பயணத்தை ஒரு போயிங் 747 புயற்காற்றின் துணையால் 4 மணி 56 நிமிடத்தில் முடித்தது. வான்வெளித் தடைகளும் கணக்கை மாற்றும். ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட 2022-க்குப் பிறகு, ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாகிவிட்டது.

மேலும், சீட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று. புறப்பாட்டு வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனை வாயிலில் நிற்பது வரை எல்லாம் அதில் அடங்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், தரையிறங்க முறை வரும்வரை வானில் வட்டமிடுவதும் சேர்த்தி.

என்னைத் தடுமாற வைத்தது தூரமோ காற்றோ அல்ல, கடிகாரம். கோடையில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 12 மணி நேரம் முந்தியிருக்கும், குளிர்காலத்தில் 13. ஆகவே கோடையில் சிங்கப்பூரிலிருந்து நள்ளிரவு 12 மணிக்குப் புறப்படுபவர் அதே தேதியில் காலை 6.40-க்கு நியூயார்க்கில் இறங்குவார். திரும்பும்போது இரவு 10 மணிக்கு ஏறுபவர் மறுநாளைக்கும் மறுநாள் விடியற்காலையில்தான் சிங்கப்பூரில் இறங்குவார். முதல் பயணத்தில் நான் இதைக் கவனிக்காமல், என்னை அழைத்துச் செல்ல வேண்டியவரை ஒரு நாள் முன்னதாகவே விமான நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டேன்.