அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு சாமான் உடைந்தால் எங்கே வாங்குவார்கள்?

பெரிய சாமானென்றால் எங்கேயும் உடனே வாங்க முடியாது. ஒன்றில் முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு கப்பலில் இருந்து எடுக்க வேண்டும்.

இந்த வகைக் கப்பல் வைத்திருப்பவை அமெரிக்காவும் பிரான்சும் மட்டும்தான். பிரான்சிடம் இருப்பது ஒன்றே ஒன்று, சார்ல்ஸ் து கோல். எல்லோரும் அணு உலை பழுதானால் என்ன செய்வார்கள் என்றுதான் கேட்கிறார்கள், ஆனால் அதில் இருப்பது பிரான்சின் நீர்மூழ்கிகளுக்கென்று வடிவமைத்த அதே கே15 உலை, ஆகவே அதற்குத் துணை உண்டு. அந்தக் கப்பலைப் பாதி வழியில் திருப்பியது புரொப்பெல்லர்.

2000 நவம்பரில், கடற்படையில் சேருவதற்கு முந்திய ஓட்டத்தில், அட்லாண்டிக் கடலில் வைத்து இடப்பக்கப் புரொப்பெல்லர் உடைந்தது. தூலோன் துறைமுகத்துக்குத் திரும்பிவந்து ஆராய்ந்தால் வார்ப்பின் நடுப்பக்கமாகக் காற்றுக்குமிழ்கள். சரி, கையிருப்பில் இருப்பதை மாட்டுவோம் என்றால் அதிலும் அதே குறை! செய்து கொடுத்த நிறுவனம் அதற்குள் நொடித்துப் போயிருந்தது, வடிவமைப்புப் பத்திரங்களும் ஒரு தீவிபத்தில் எரிந்து போயிருந்தன. கடைசியில் கிளெமன்சோ, ஃபோஷ் என்ற, எண்ணெயில் ஓடிய 1960களின் விமானந்தாங்கிக் கப்பல்களுக்கென்று வைத்திருந்த உதிரிப் புரொப்பெல்லர்களை மாட்டித்தான் கடலுக்கு அனுப்பினார்கள். மணிக்கு 27 கடல்மைல் போக வேண்டிய கப்பல் 24, 25க்கு மேல் போகவில்லை. 2007இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பில்தான் புதியவை கிடைத்தன.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு எங்கள் ஐயாவின் லேத் பட்டறைதான் கண்ணுக்குள் வந்தது. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, மின்சாரமும் இல்லை, ஐயா தண்ணீர் இறைக்கிற எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் விட்டு, பெல்ட் மாட்டி லேத்தை ஓட்டுவார். குருநகரில் இருந்து உடைந்த சாமானைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார்கள், "அண்ணை, இது கொழும்பிலயும் இல்லையாம்" என்பார்கள். ஐயா அதைக் கயிற்றில் தூக்கிப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். நல்ல வார்ப்பென்றால் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும், உள்ளே வெடிப்போ பொத்தலோ இருந்தால் டொக்கென்று அடங்கிவிடும். தடிப்பான இடம்தான் கடைசியாக உறையும், காற்று அங்கேதான் தங்கும் என்று எனக்கு விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார். பிரெஞ்சுக்காரரின் புரொப்பெல்லரில் குமிழ் இருந்ததும் நடுவில்தான். வேலை முடிந்த பிறகு உடைந்த துண்டை நான் எறியப் போனால், "எறியாதை, நாளைக்கு இதைப் பார்த்துத்தான் அடுத்ததைக் கடைய வேணும்" என்பார். வரைபடம் இல்லாத ஊரில் அந்தத் துண்டுதான் வரைபடம்.

அமெரிக்கர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. நிமிட்ஸ் வகையில் 1975 முதல் 2009 வரை 10 கப்பல்கள் சேவைக்கு வந்தன, எல்லாம் வெர்ஜீனியாவில் ஒரே கட்டுந்துறையில் கட்டியவை, ஆகவே ஒன்றின் சாமான் பல இடங்களில் மற்றதற்குப் பொருந்தும். கப்பலுக்குள்ளேயே லேத்தோடு பட்டறையும் உண்டு, சின்னச் சாமான்களை நடுக்கடலிலேயே கடைந்துகொள்வார்கள். 50 வருட ஆயுளில் பாதியில் ஒருமுறை நான்கு வருடமளவில் நிறுத்தி, உலைக்குப் புது எரிபொருள் வைக்கும்போதே தேய்ந்ததையெல்லாம் மாற்றுகிறார்கள்.

அவர்களும் பழையதை வீசுவதில்லை. 1959இல் சேவைக்கு வந்து 1998இல் ஓய்வுபெற்ற இன்டிபென்டன்ஸ் என்ற, எண்ணெயில் ஓடிய விமானந்தாங்கிக் கப்பலின் இடப்பக்க நங்கூரத்தை, 2009இல் வந்த ஜோர்ஜ் எச்.டபிள்யூ. புஷ் என்ற அணுசக்திக் கப்பலில் மாட்டியிருக்கிறார்கள். இதை ஐயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சங்கிலியையும் சேர்த்தே எடுத்தவங்கள்?" என்று கேட்டார்.

ஓம், இரண்டு சங்கிலியையும் எடுத்தார்கள்.