போல்ட்டு வரவில்லை, பில் மட்டும் வளர்ந்தது

கேள்வி: எனக்குக் கடலூர் தேவனாம்பட்டினம். 2003 மாடல் மாருதி ஜிப்ஸி வைத்திருக்கிறேன். தாழங்குடா பக்கம் இருக்கும் சவுக்குத் தோப்புக்கு மணலில் போய்வர வேறு வண்டி சரிப்படாது. நான்கு சக்கரத்துக்கும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) முனையில் இருக்கும் ரப்பர் புஷ் மாற்றப் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் விட்டேன். ரூ.9,500 ஆகும் என்று வாயால் சொன்னார்கள். மூன்றாம் நாள் போனால் ரூ.17,800 கேட்கிறார்கள். "போல்ட்டு எல்லாம் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு சார், கேஸ் வெச்சு அறுத்துதான் எடுத்தோம்" என்கிறார்கள். சேஸிஸில் பட்டையைத் தாங்கும் பிராக்கெட் ஒன்று நெளிந்து, அதற்கும் வெல்டு வைத்திருக்கிறார்கள். முழுப் பணமும் கட்டினால்தான் வண்டியாம். இது நியாயமா? எவர்சில்வர் போல்ட்டு வாங்கிப் போட்டால் இனி துருவே பிடிக்காது என்கிறான் என் மைத்துனன். வாங்கலாமா?

பதில்: அறுத்தது நியாயம்தான். உங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல் அறுத்தது நியாயமில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்கக்கூடாது என்பது தெரியும்.

முதலில் அந்தப் போல்ட்டு ஏன் வரவில்லை என்று பார்ப்போம். ஜிப்ஸியில் முன்னும் பின்னும் பட்டைதான். ஒவ்வொரு பட்டைக்கட்டுக்கும் ஒரு முனையில் போல்ட்டு, மறுமுனையில் ஷேக்கிள், அதாவது இரண்டு பின்னில் ஆடும் இணைப்பு. அந்தப் போல்ட்டு ரப்பருக்குள் நேராகப் போவதில்லை. புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது, அதற்குள்தான் போகிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் அந்த இடுக்கில் புகுந்தால் காயவே காயாது. துருவாக மாறிய இரும்பு முன்பு பிடித்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். உள்ளே அதற்கு இடமில்லை. அதனால் போல்ட்டையும் குழாயையும் இறுக்கி ஒரே தண்டாக்கிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது சக்கரம் முழுகத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. நட்டு சுலபமாகக் கழன்றுவிடும். போல்ட்டின் தலையில் ஸ்பேனர் போட்டால் கொஞ்சம் திரும்பவும் செய்யும். "வந்துடும்" என்று நினைப்பீர்கள். கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். போல்ட்டோடு குழாயும் சேர்ந்து சுற்றி ரப்பரைத்தான் முறுக்கிக்கொண்டிருக்கிறது. சம்மட்டியால் அடித்தாலும் அடி முழுக்க ரப்பரில் அமுங்கிப்போகும்.

என் பழைய ஜீப்பில் அறுத்தெடுத்த போல்ட்டு ஒன்று, காகிதம் பறக்காமல் இருக்க என் மேசைமேல் கிடக்கிறது. தலைப்பக்கம் இன்னும் முலாம் மினுங்குகிறது. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு இரும்பு அரித்து இடுப்பு சிறுத்திருக்கிறது. அதன்மேல் புஷ் குழாய் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் செங்கல் பொடிபோல உதிர்கிறது. ஆனால் வைஸில் பிடித்து அடித்தும் குழாய் அசையவில்லை. இந்த நிலைக்கு வந்த போல்ட்டை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. அறுக்கத்தான் வேண்டும்.

ஆனால் அறுப்பதிலும் முறை இருக்கிறது. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மெல்லிய ரம்பத்தகட்டையோ கட்டிங் டிஸ்க்கையோ விட்டு இரண்டு பக்கமும் அறுத்தால் பட்டை அப்படியே கீழே இறங்கிவிடும், பிராக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது. கேஸ் வைப்பது அவசரக்காரர் வேலை. ரப்பர் தீப்பிடித்துக் கரும்புகை கக்கும், பிரேக் ஹோஸ் பக்கத்திலேயே போகிறது, ஜிப்ஸிக்குப் பெட்ரோல் டேங்கும் பின்பக்கம்தான். உங்கள் பிராக்கெட் நெளிந்தது சூட்டாலோ, சூட்டோடு சேர்த்து அடித்ததாலோதான் இருக்க வேண்டும். அது அவர்கள் வேலையில் வந்த கோளாறு. பிராக்கெட் முன்பே துருவில் உளுத்திருந்தது என்று சொன்னால், கழற்றுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேளுங்கள். அறுத்தெடுத்த பழைய போல்ட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவைதான் உங்கள் சாட்சி.

ஆகவே புதுப் போல்ட்டு, ஷேக்கிள் பின் விலையைக் கொடுங்கள். அறுத்த கூலியையும் போல்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசிக் கொடுங்கள். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துத் தீப்பொறியைக் கண்ணுக்கு நேரே வாங்கிச் செய்கிற வேலை அது. பிராக்கெட் வெல்டுக்கான பணத்தை மட்டும் மறுத்துப் பேசுங்கள்.

வண்டியைத் தரமாட்டேன் என்பதைப் பற்றி: 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவின்படி, பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர் தமக்குச் சேரவேண்டிய கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம். அதனால் பட்டறை வாசலில் நின்று சண்டை போடுவதில் பலன் இல்லை. எதற்கு எவ்வளவு என்று பிரித்தெழுதிய பில்லைக் கேளுங்கள். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வங்கி வழியாகவோ யுபிஐயிலோ பணம் கட்டி வண்டியை எடுங்கள். பில் தர மறுத்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே நேர்மையற்ற வணிக நடைமுறை.

பிறகு பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை புதுச்சேரியில் இருக்கிறதே, வழக்குக்கு அங்கே அலைய வேண்டுமே என்று தயங்காதீர்கள். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது, ஆகவே கடலூரிலேயே கொடுக்கலாம். ரூ.5 லட்சம் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்த வெல்டை வேறொரு நல்ல வெல்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு மணலில் இறக்குங்கள். பிராக்கெட் விட்டுப்போனால் ஆக்சில் இடம் மாறிவிடும், ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. பணத்தைவிட எனக்கு இதுதான் கவலை.

இனி எவர்சில்வர். மைத்துனர் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் வேண்டாம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் தலையில் ஏ2-70 என்று பொறித்தது. அதன் இழுவலிமை 700 மெகாபாஸ்கல். 8.8 என்று பொறித்த எஃகுப் போல்ட்டுக்கு 800, 10.9க்கு 1,000. நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் அளவைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் அதிகம்: எவர்சில்வர் 450, 8.8 போல்ட்டு 640. போதாததற்கு எவர்சில்வர் நட்டும் போல்ட்டும் முறுக்கும்போதே மரையோடு மரை கவ்விப் பிடித்துக்கொள்ளும். கம்பெனி உதிரிபாகமே நல்லது. கிடைக்காவிட்டால் பழைய போல்ட்டில் இருந்த எண்ணோ அதற்கு மேலோ பொறித்தது, அதே தடிமன், புஷ்ஷும் பிராக்கெட்டும் உட்காரும் நீளம் முழுக்க மரையில்லாமல் வழவழப்பாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தண்டில் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவினால் போதும். ரப்பரில் படவிடாதீர்கள். மரையில் அப்பினால் அதே முறுக்கில் போல்ட்டு அளவுக்கு மேல் இழுபடும்.

கடைசி முறுக்கு வண்டி தரையில் நான்கு காலில் நிற்கும்போதுதான். ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கினால், இறக்கியதும் புது ரப்பர் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். உங்கள் பட்டறையில் எப்படி முறுக்கினார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: இறுகின நட்டுக்கு டீசல் ஊற்றினால் போதுமா, டபிள்யூடி-40 வாங்க வேண்டுமா? (வில்லியனூர் வாசகர்)

பதில்: டபிள்யூடி என்பது தண்ணீரை விலக்குவது என்பதன் சுருக்கம், 40 என்பது நாற்பதாவது முயற்சி. அதன் முதல் வேலை ஈரத்தை விரட்டுவது. துருவுக்குள் ஊடுருவ, பெனட்ரேட்டிங் ஆயில் என்றே தனியாக விற்கும் சின்ன டின் வாங்குங்கள். டீசலும் ஊறும், மெதுவாக. எதுவானாலும் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துவிட்டு, காலையும் மாலையும் மூன்று நாள் விடுங்கள். கழற்றும்போது முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். ஆறுமுனை சாக்கெட்தான் போட வேண்டும். பன்னிரண்டு முனை போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும். எண்ணெய் விட்ட இடத்தில் தீ வைக்கக்கூடாது.

கேள்வி: பழைய ஜிப்ஸி ஒன்று வாங்கப் போகிறேன். பட்டை போல்ட்டு இறுகியிருப்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? (முதலியார்பேட்டை வாசகர்)

பதில்: புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த அடிப்பாகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் மெக்கானிக்கை அழைத்துப்போய், பட்டையின் போல்ட்டு ஒன்றின் நட்டைக் கழற்றித் தலையைத் திருப்பச் சொல்லுங்கள். முழுச் சுற்று சுற்றினால் நல்லது. ரப்பர்போல இழுத்துத் திரும்பினால் இறுகியிருக்கிறது. விற்பவர் தொடவே விடாவிட்டால், நான்கு போல்ட்டையும் எட்டு ஷேக்கிள் பின்னையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.