கேள்வி–பதில்: சர்க்கரையும் கூடாத எலும்பும்

கேள்வி: அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பு 9 மாதமாகியும் கூடவில்லை. பிளேட்டை மாற்றி, இடைவெளியில் செயற்கை எலும்பு வைக்கலாம் என்கிறார்கள். அது நிஜ எலும்பாகிவிடுமா?

பதில்: அதுவாக ஆகாது. கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதான் அது. எலும்பு செல்கள் அதில் ஏறிப் புது எலும்பைக் கட்டக் கட்ட, சாரம் கரைய வேண்டும். செல்லுக்கு முன்னால் ரத்தக்குழாய் உள்ளே போயாக வேண்டும். அதனால் சாரத்தின் துளைகள் சுமார் 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) இருப்பது நல்லது. ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்கு வழியும் வேண்டும்.

சர்க்கரை இடிப்பது இங்கேதான். கூடுதல் சர்க்கரை எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தில் ஒட்டி அதை விறைப்பாக்குகிறது, அழற்சி அடங்க நாளாகிறது, நுண்குழாய்கள் மெதுவாகவே முளைக்கின்றன. கடைசியில் சாரத்தின் ஓரம் எலும்பாகி, நடுப்பகுதி வெறுமையாக நின்றுவிடும். ஆகவே சாரம் எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு வேகமாகக் கரையும் என்று கேளுங்கள். கால்சியம் சல்பேட் ஒன்றிரண்டு மாதத்தில் கரைந்துவிடும். அப்பாவின் எலும்பு அவ்வளவு வேகமாக வளராது. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டுக்கு 6 முதல் 18 மாதம். ஹைட்ராக்ஸிஅபடைட் வருடக்கணக்கில் கிடக்கும். பின்னிரண்டும் கலந்த வகை பொருத்தமாக இருக்கும். அதையும் தனியாக நம்பாமல், இடுப்பெலும்பிலிருந்து எடுத்த சொந்த எலும்பைச் சேர்க்க முடியுமா என்று கேட்பது நல்லது.

அதற்கு முன், எலும்பு கூடாததற்குக் கிருமி காரணமில்லை என்று உறுதியாக வேண்டும்: அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்த்து, அறுவையின்போது திசுவைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்புவார்கள். கிருமி மேல் வைத்த சாரம் வீண். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8 சதவீதத்துக்குக் கீழே வரட்டும். வைட்டமின் டி அளவும் பாருங்கள். காலின் ரத்த ஓட்டத்தைக் கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சர்க்கரைக்காரர்களின் தமனி சுண்ணாம்பேறி இறுகிப்போவதால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். கால்விரல் அழுத்தம்தான் நம்பகம்.

ஒரு பொறி: சாரமே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்து 'கூடிவிட்டது' என்று காலை ஊன்றிவிடுவதுண்டு. பழைய எலும்புக்கும் சாரத்துக்கும் நடுவே கறுப்புக் கோடு இருந்தால் இன்னும் ஒட்டவில்லை. சந்தேகமிருந்தால் சி.டி. எடுக்கலாம். பாதம் மரத்தவருக்கு வலியும் தெரியாது, எடை போட்டுப் பிளேட்டையே உடைத்துவிடுவார். சாரம் நொறுங்கும் பொருள். எடையைத் தாங்குவது பிளேட்தான்.

கேள்வி: பாத எலும்பில் சீழ் பிடித்ததால் சுரண்டி எடுத்து, ஆன்டிபயாட்டிக் கலந்த மணிகள் வைத்தார்கள். இப்போது வெள்ளையாக வடிகிறது. மறுபடி சீழா?

பதில்: பெரும்பாலும் மணி கரைகிற நீர்தான். கால்சியம் சல்பேட் மணிகளில் இது சகஜம். சில வாரத்தில் நிற்கும், கட்டு நனைந்தால் மாற்றினால் போதும். நாற்றம், சுற்றிலும் சிவப்பு, வீக்கம், காய்ச்சல், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே காட்டுங்கள்.

கேள்வி: ஸ்டெம்செல், மெட்ஃபார்மின் கலந்த சாரம் வந்துவிட்டதாமே?

பதில்: மெட்ஃபார்மின் (சர்க்கரை மருந்து) கலந்த சாரம் இன்னும் எலியிலும் ஆய்வகத்திலும் சோதனையில்தான் இருக்கிறது. ஸ்டெம்செல்லை வழக்கமான சிகிச்சை என்று யாராவது விற்றால், அதற்கான ஆதாரத்தை எழுத்தில் கேளுங்கள்.